இதயச் சிகிச்சை தவறிப்போனால்: மாநில எல்லைக்கு அப்பாலுள்ள மருத்துவமனையிடம் இழப்பீடு கேட்கும் வழி

இன்று கன்னியாகுமரி மாவட்டமாக உள்ள விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1ஆம் நாள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தன. ஆனாலும் களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரத்துக்கு மருத்துவத்துக்குப் போகும் வழக்கம் இன்றுவரை நிற்கவில்லை. மார்த்தாண்டத்திலோ குழித்துறையிலோ ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால், வண்டியை நாகர்கோவிலுக்குத் திருப்புவதா, பாறசாலை வழியாகத் திருவனந்தபுரத்துக்கு விடுவதா என்பதை உடனிருப்பவர் அந்த நிமிடத்தில் முடிவு செய்கிறார். செங்கோட்டைக்காரர்களுக்குப் புனலூரும் கொல்லமும், கம்பம் கூடலூர்க்காரர்களுக்குக் கோட்டயமும் இதே போன்றவைதான்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் எல்லை யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. இதயக் குழாய் அடைப்பைப் பலூனால் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியின்போது இரத்தக் குழாய் கிழிந்து நோயாளி இறந்தாலோ, பைபாஸ் முடிந்து வீடு திரும்பியவர் பக்கவாதத்தில் படுத்துவிட்டாலோதான், "அது வேறு மாநிலம், வேறு பாஷை, அங்கே போய் யார் கேஸ் நடத்துவது" என்ற கேள்வி எழுகிறது. நியாயமான குறை உள்ள குடும்பங்கள்கூட இந்தக் கேள்வியோடு ஒதுங்கிவிடுகின்றன. அப்படி ஒதுங்க வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தபின், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். மருத்துவமனை எந்த மாநிலத்தில் இருந்தாலும் இதில் மாற்றமில்லை. எனினும் அந்த வழக்கு நிற்பதும் விழுவதும் முதல் சில வாரங்களில் நீங்கள் திரட்டிவைக்கும் காகிதங்களையும் அவற்றில் உள்ள நேரங்களையும் பொறுத்தது என்பதால், சட்டத்தைவிட அவற்றைப் பற்றியே இங்கு அதிகம் எழுதுகிறேன்.

சிகிச்சை தோற்றதும் கவனக்குறைவும்

சிகிச்சை பலிக்கவில்லை என்பது மட்டுமே கவனக்குறைவுக்குச் சான்று ஆகாது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இன்றும் நிலைத்திருக்கிறது. அதே துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒரு மருத்துவர் அந்தச் சூழலில் காட்டியிருக்கக்கூடிய கவனத்தை இவர் காட்டினாரா என்றே ஆணையம் பார்க்கும். இரண்டு ஏற்கத்தக்க சிகிச்சை முறைகளில் ஒன்றை அவர் தேர்ந்தெடுத்து, அது பலிக்காமல் போயிருந்தால், அதைக் குற்றமாகக் கொள்ள மாட்டார்கள்.

ஆஞ்சியோபிளாஸ்டியில் இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிவது, குழாயில் துளை விழுந்து இதயத்தைச் சுற்றி இரத்தம் தேங்குவது, தொடையிடுக்கில் ஊசி போட்ட இடத்திலிருந்து உள்ளே இரத்தம் கசிவது, படம் எடுக்கச் செலுத்தும் சாய மருந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படுவது, குழாய் மீண்டும் சுருங்காதிருக்க வைத்த ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழலுக்குள் மீண்டும் இரத்தம் உறைவது ஆகியவை அறியப்பட்ட சிக்கல்கள். மிகத் தேர்ந்த கைகளிலும் இவை நேர்கின்றன. எனவே "குழாய் கிழிந்தது, ஆகவே இழப்பீடு கொடு" என்று எழுதப்படும் மனு பெரும்பாலும் தோற்றுவிடும். அந்தச் சிக்கல் எப்போது கண்டறியப்பட்டது, கண்டறிய உதவும் அறிகுறிகள் எத்தனை மணிக்குத் தோன்றின, தோன்றியபின் யார் வந்து பார்த்தார், என்ன செய்தார் என்பவையே வழக்குக்கு உரிய கேள்விகள்.

எடுத்துக்காட்டாக ஐசியூ செவிலியரின் குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரவு 11.20க்கு இரத்த அழுத்தம் 80/50 என்றும், நாடித்துடிப்பு 128 என்றும், பணி மருத்துவருக்குத் தகவல் சொல்லப்பட்டது என்றும் ஒரு வரி இருக்கிறது. அடுத்த வரி 1.40க்குத்தான் வருகிறது. அதில் மருத்துவர் வந்தார் என்றும் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கச் சொன்னார் என்றும் எழுதியிருக்கிறது. இடைப்பட்ட 2 மணி 20 நிமிடத்தில் என்ன நடந்தது என்ற கேள்விக்கு மருத்துவமனை பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதயத்தைச் சுற்றி இரத்தம் தேங்கியிருந்தால் எக்கோவில் அது சில நிமிடங்களில் தெரிந்திருக்கும். குழாயில் துளை விழுந்தது சிக்கலாக இருக்கலாம், ஆனால் இத்தனை நேரம் யாரும் வந்து பார்க்காதது வேறு வகையைச் சேர்ந்தது. உங்கள் கோப்பில் நீங்கள் தேட வேண்டியது இத்தகைய இடைவெளிகளைத்தான்.

முதலில் கேட்க வேண்டிய காகிதங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி என்ற இரண்டு மூன்று பக்கத் தாளைப் பெற்றுக்கொண்டு, எல்லாம் கையில் இருப்பதாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள். அது நடந்தவற்றை மருத்துவமனை சுருக்கிச் சொல்லும் தாள் மட்டுமே. உங்களுக்குத் தேவை முழு கேஸ் ஷீட், அதாவது சேர்ந்த நாள் முதல் எழுதப்பட்ட சிகிச்சைப் பதிவுகள் எல்லாம் அடங்கிய கோப்பு. மருத்துவர்களின் தொழில் நடத்தை பற்றிய 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை 3 ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பதோடு, நோயாளியோ அவர் அதிகாரம் அளித்த உறவினரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும். தர மறுப்பது அவ்விதிகளின்படி தொழில்முறைத் தவறு.

கேட்பதை எழுத்தில் கேளுங்கள். மருத்துவக் கண்காணிப்பாளருக்கு எழுதிய கடிதத்தை நேரில் கொடுத்து மறு நகலில் தேதியும் முத்திரையும் பெறுங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகை கிடைக்கும் வகையில் அஞ்சலிலும், கூடவே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். "எல்லா ஆவணங்களும்" என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதிலே வரும். சேர்க்கைப் பதிவு, அவசரப் பிரிவுக் குறிப்பு, நேரம் அச்சான எல்லா ஈசிஜி தாள்களும், இரத்தப் பரிசோதனை முடிவுகள், ஒப்புதல் படிவங்கள், ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் அறையான கேத் லேபின் செயல்முறைக் குறிப்பு, ஐசியூ செவிலியர் குறிப்பேடு, மருந்து கொடுத்த அட்டவணை, பிற துறை மருத்துவர்கள் வந்து பார்த்த குறிப்புகள், பைபாஸ் என்றால் மயக்க மருந்துப் பதிவேடும் இதய-நுரையீரல் எந்திரப் பதிவும் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இவற்றில் இரண்டைத் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது ஆஞ்சியோ படங்களின், அதாவது சாயம் செலுத்தி எடுத்த இதயக் குழாய்ப் படங்களின், சிடி. எழுத்தில் உள்ள ஆஞ்சியோ அறிக்கை ஒரு மருத்துவரின் கருத்து. சிடியில் உள்ள அசையும் படங்களோ அன்று அந்த மேசையில் நடந்ததையே காட்டுகின்றன. பலூன் எங்கே விரிந்தது, ஸ்டென்ட் முழுமையாகப் பதிந்ததா, சாயம் குழாய்க்கு வெளியே கசிந்தது எந்தக் காட்சியில் முதலில் தெரிகிறது என்பதையெல்லாம் வேறோர் இதய மருத்துவர் அதைப் பார்த்துச் சொல்ல முடியும். ஸ்டென்ட் வைப்பதற்கு முன்பு எடுத்த படங்களும் பின்பு எடுத்தவையும் முழுமையாக இருக்கின்றனவா என்று வாங்கும்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஸ்டென்ட் ஒட்டுச்சீட்டு. ஒவ்வொரு ஸ்டென்ட் பெட்டியிலும் தயாரிப்பாளர் பெயர், அளவு, தொகுதி எண், காலாவதி நாள் அச்சிட்ட சிறு ஒட்டுச்சீட்டுகள் இருக்கும். அவற்றில் ஒன்றைக் கேஸ் ஷீட்டிலும் இன்னொன்றை நோயாளியிடம் தரும் தாளிலும் ஒட்டுவது வழக்கம். அந்தச் சீட்டின் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா, பில்லில் இரண்டு ஸ்டென்ட் என்றிருக்க ஒட்டுச்சீட்டு ஒன்றுதான் உள்ளதா என்று பாருங்கள். ஸ்டென்ட் விலைக்கு 2017 பிப்ரவரி முதல் மத்திய அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதைத் தாண்டி வாங்கியிருந்தால் அதுவும் தனியாக ஒரு சேவைக் குறைபாடே.

கண்காணிப்புக் கேமராப் பதிவு சில நாள்களிலேயே அழிந்துவிடக்கூடும். அவசரப் பிரிவு வாசலில் எத்தனை மணிக்கு இறங்கினீர்கள் என்பதில் தகராறு வரும் என்று தோன்றினால், குறிப்பிட்ட தேதியையும் நேரத்தையும் சொல்லி அந்தப் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி அதே வாரத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மருத்துவருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடலையும் உங்கள் கைப்பேசியின் அழைப்புப் பட்டியலையும் அழிக்காதீர்கள். அவற்றைச் சான்றாகத் தாக்கல் செய்ய 2023ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சான்றுச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும் என்பதால் பழைய கைப்பேசியையே பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

நோயாளி இறந்துவிட்ட குடும்பங்களுக்கு ஒரு சொல். உடற்கூறு ஆய்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து உடலை வாங்கிக்கொண்டு எல்லை தாண்டி ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்துவிட்டால், மரணத்தின் காரணம் என்ன என்பதற்கு மருத்துவமனையின் சொல் மட்டுமே மிஞ்சும். அந்த நேரத்தில் இதை யோசிப்பது எவ்வளவு கொடுமை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பெரிய சந்தேகம் இருந்தால், உடல் மருத்துவமனையில் இருக்கும்போதே அந்த எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து உடற்கூறு ஆய்வு கேளுங்கள். இதயக் குழாயில் துளை விழுந்ததா, இதயத்தைச் சுற்றி இரத்தம் தேங்கியிருந்ததா என்பவற்றை அந்த ஆய்வு நேரடியாகக் காட்டிவிடும். அந்த ஆய்வு இல்லாமலும் வழக்கு நடக்கும், ஆனால் கடினமாக நடக்கும். எக்காரணம் கொண்டும் அங்கே கூச்சலும் உடைப்பும் வேண்டாம். மருத்துவமனைகளைத் தாக்குவதற்கு எதிராகக் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. மகன் ஒரு கண்ணாடியை உடைத்தால், பிறகு எல்லாப் பேச்சும் அந்தக் கண்ணாடியைப் பற்றியதாகவே ஆகிவிடும்.

பில் பாக்கியைத் தள்ளுபடி செய்கிறோம் என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டால், அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்காமல் போடாதீர்கள். "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற ஒரு வரி பின்னால் உங்களுக்கு எதிராகவே வாசிக்கப்படும்.

ஒப்புதல் படிவம் எந்த மொழியில் இருந்தது

எல்லைப் பகுதி நோயாளிகளுக்கு இது தனிப் பொருள். திருவனந்தபுரத்தில் தரப்படும் படிவம் ஆங்கிலத்தில் இருக்கலாம், மலையாளத்தில் இருக்கலாம். விளவங்கோடு பக்கம் மலையாளம் பேசவும் படிக்கவும் தெரிந்தவர்கள் உண்டு; தோவாளைக்காரருக்கோ தென்காசிக்காரருக்கோ அது தெரியாமலிருக்கலாம். சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, அதன் ஆபத்துகள், வேறு வழிகள், சிகிச்சை செய்யாவிட்டால் என்னாகும் என்பவற்றைப் போதிய அளவு அறிந்துகொண்டு நோயாளி தரும் ஒப்புதலே செல்லும் என்றது. நோய் கண்டறியும் சோதனைக்குத் தந்த ஒப்புதலை, அவசர நிலை இல்லாதபோது, தொடர்ந்து செய்யும் சிகிச்சைக்கும் நீட்டிக்க முடியாது என்றும் அத்தீர்ப்பு சொல்கிறது. ஆஞ்சியோ எடுப்பதற்கு மட்டும் ஒப்புதல் வாங்கிக்கொண்டு, மேசையில் வைத்தே ஸ்டென்டும் வைத்துவிட்ட நேர்வுகளில் இது மிக முக்கியமாகிறது. மாரடைப்போடு வந்தவருக்கு உயிர் காக்க உடனே வைப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. நாள் குறித்து நிதானமாக ஆஞ்சியோவுக்கு வந்தவருக்கு அப்படிச் செய்திருந்தால் கேள்வி எழும்.

படிவத்தில் கையெழுத்து யாருடையது, நேரம் எழுதப்பட்டிருக்கிறதா, வெற்றிடங்கள் பின்னால் வேறு மையில் நிரப்பப்பட்டிருக்கின்றனவா, மொழிபெயர்த்துச் சொன்னவரின் பெயரும் கையெழுத்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நினைவு தெளிவாக உள்ள வயது வந்த நோயாளியிடமே கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். வெளியே காத்திருந்த மைத்துனரின் கையெழுத்து அதற்கு ஈடாகாது.

இரண்டு மருத்துவமனைகள், ஒரு கடிகாரம்

நம் பகுதியில் நேரும் நிகழ்வுகளில் பெரும்பாலும் இரண்டு மருத்துவமனைகள் வருகின்றன. முதலில் ஊருக்கு அருகிலுள்ள சிறிய மருத்துவமனையில் ஈசிஜி எடுத்து, மாத்திரையோ ஊசியோ கொடுத்து, "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று அனுப்புகிறார்கள். எல்லை தாண்டி இரண்டாவது மருத்துவமனையில் ஆஞ்சியோபிளாஸ்டி நடக்கிறது. பின்னர் வழக்கு என்று வரும்போது, இரண்டாவது மருத்துவமனை "நோயாளி தாமதமாகவே வந்தார்" என்கிறது. முதலாவது "நாங்கள் உடனே அனுப்பிவிட்டோம்" என்கிறது. மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. ஸ்டென்ட் வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராக வந்தவருக்கு, வாசலில் நுழைந்ததிலிருந்து 90 நிமிடங்களுக்குள் அடைப்பைத் திறந்துவிட வேண்டும் என்பது இதய மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட இலக்கு. ஆகவே இரண்டு இடங்களின் நேரங்களையும் ஒரே தாளில் வரிசையாக எழுத வேண்டும்.

வலி தொடங்கிய நேரம், வீட்டிலிருந்து யாருக்கு அழைப்புப் போனது, முதல் மருத்துவமனையின் ஈசிஜி தாளின் மூலையில் அச்சான நேரம், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்களா, போட்டால் எத்தனை மணிக்கு, பரிந்துரைக் கடிதத்தில் உள்ள நேரம், ஆம்புலன்ஸ் பயணச் சீட்டு, இரண்டாவது இடத்தின் சேர்க்கை நேரம், பணம் கட்டிய ரசீதின் நேரம், கேத் லேபுக்குள் எடுத்துச் சென்ற நேரம், பலூன் விரித்த நேரம் என்று அந்த வரிசை நீளும். பணம் கட்டிய ரசீதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். முன்பணம் கட்டும்வரை சிகிச்சை தொடங்கவில்லை என்பது உங்கள் குற்றச்சாட்டானால், அந்த ரசீதில் அச்சான நேரமும் கேத் லேப் குறிப்பின் நேரமும் அருகருகே இருக்கும்போது வேறு சாட்சி அதிகம் தேவைப்படாது. தாமதம் யாருடையது என்று உங்களுக்கே உறுதியாகத் தெரியாவிட்டால் இரண்டு மருத்துவமனைகளையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பதே பாதுகாப்பானது. நீங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரானால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்திலேயே இருவரையும் ஒன்றாக நிறுத்த முடியும்.

எங்கே, எப்போது, எவ்வளவு

நுகர்வோர் சட்டம் மருத்துவத்துக்குப் பொருந்தும் என்பதை 1995இல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இதில் வராது. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனையில் இலவசமாகச் சிகிச்சை பெற்றவரும் நுகர்வோரே. காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டியிருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான். முற்றிலும் இலவசமான அரசு மருத்துவமனையில் நேர்ந்த தவறுக்கு உரிமையியல் நீதிமன்றமோ உயர் நீதிமன்ற ரிட் மனுவோதான் வழி. அங்கே ஆவணங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகவும் கேட்கலாம்.

2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, மனுதாரர் வசிக்கும் இடத்திலோ பணிபுரியும் இடத்திலோ வழக்குத் தொடுக்க இடம் தருகிறது. 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. பழைய வழக்கறிஞர் ஒருவர் "திருவனந்தபுரத்தில்தான் போட வேண்டும்" என்று சொன்னால் இந்தப் பிரிவை எடுத்துக் காட்டுங்கள். மகன் வளைகுடா நாட்டிலும் தாயார் ஊரிலும் இருக்கும் குடும்பங்களில் தாயாரை முதல் மனுதாரராக வைத்து, அவருடைய ஆதாரையும் ரேஷன் கார்டையும் இணைத்தால் இட வரம்பு பற்றிய ஆட்சேபம் நிற்காது. நோயாளி இறந்திருந்தால் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். வாரிசுகள் எல்லாரையும் மனுவில் சேர்த்துவிடுங்கள்.

எந்த ஆணையம் என்பது இப்போது நீங்கள் கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததல்ல, சிகிச்சைக்குச் செலுத்திய தொகையைப் பொறுத்தது. 2021 டிசம்பர் விதிகளின்படி 50 லட்சம் ரூபாய் வரை செலுத்தியிருந்தால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதையும் தாண்டினால் தேசிய ஆணையம். இதயச் சிகிச்சைகளின் பில் பெரும்பாலும் மாவட்ட ஆணையத்தின் வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணமே கிடையாது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞர் தரும். அதன் உதவி எண் 15100.

காலவரம்பு 2 ஆண்டுகள். பாதிப்பு அன்றே தெரிந்திருந்தால் அன்றிலிருந்து கணக்கு. உள்ளே நேர்ந்த தவறு பின்னாளில்தான் தெரியவந்தது என்றால், தெரிந்த நாளிலிருந்து கணக்கிடலாம் என்று 2010ஆம் ஆண்டு ஸ்ரீகண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மருத்துவமனையோடு பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதாலோ மருத்துவக் கவுன்சிலில் புகார் நிலுவையில் இருக்கிறது என்பதாலோ இந்தக் காலம் நின்றுவிடுவதில்லை. நல்ல வழக்குகள் பல இந்த ஒரு காரணத்தால் வாசலிலேயே திரும்பியிருக்கின்றன.

நிபுணர் கருத்தும் மனுவும்

எல்லா மருத்துவ வழக்குக்கும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று 2010இல் ஐதராபாத்திலிருந்து வந்த கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தவறு வெளிப்படையாகத் தெரியும் வழக்குகளுக்கு அது பொருந்தும். இதயச் சிகிச்சையில் அப்படிப்பட்டவை குறைவு. ஆகவே மனு எழுதுவதற்கு முன்பே, சிடியையும் கேஸ் ஷீட்டையும் அந்த மருத்துவமனையோடு தொடர்பில்லாத ஓர் இதய மருத்துவரிடம் காட்டி எழுத்தில் கருத்துப் பெற முயலுங்கள். தம் துறையைச் சேர்ந்த ஒருவருக்கு எதிராக எழுதித் தரப் பலர் தயங்குவார்கள். அதற்காக அவர்கள்மேல் கோபப்படுவதில் பயனில்லை. எழுத்தில் தராவிட்டாலும், எந்தப் பக்கத்தில் எந்த நேரத்தில் கேள்வி இருக்கிறது என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டால் மனுவின் முதுகெலும்பு கிடைத்துவிடும். பிறகு அரசு மருத்துவக் கல்லூரியின் நிபுணர் குழுவுக்கு ஆவணங்களை அனுப்பிக் கருத்துக் கேட்கும்படி ஆணையத்திடமே மனுச் செய்யலாம். அப்போது "கவனக்குறைவு உண்டா" என்று பொதுவாகக் கேட்டால் "இல்லை" என்ற ஒரு சொல்லே பதிலாக வரக்கூடும். "11.20க்குப் பதிவான இரத்த அழுத்தத்துக்குப் பின் எக்கோ எடுக்க 2 மணி நேரத்துக்கு மேல் ஆனது ஏற்கத்தக்கதா" என்று கேட்டால் நிபுணர் அந்தக் கேள்விக்கே பதில் எழுத வேண்டியிருக்கும்.

முதலில் ஒரு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புவது சட்டப்படி கட்டாயமில்லை. அனுப்புவது நல்லது, ஏனென்றால் அதற்கு வரும் பதிலில் மருத்துவமனை எடுக்கும் நிலைப்பாட்டைப் பின்னால் அவர்களால் எளிதில் மாற்ற முடியாது. மனுவில் மருத்துவமனை, சிகிச்சை செய்த மருத்துவர், தெரிந்தால் அவர்களின் தொழில் காப்பீட்டு நிறுவனம் ஆகியோரைச் சேருங்கள். இரவுப் பணியில் யார் இருந்தார் என்ற பெயர் தெரியவில்லை என்பதற்காக வழக்கு விழாது. 2004இல் சவிதா கர்க் வழக்கில், ஒவ்வொரு மருத்துவரையும் தனித்தனியே சேர்க்க வேண்டியதில்லை என்றும், தன்னிடம் பணிபுரிந்தவர்களின் செயலுக்கு மருத்துவமனையே பொறுப்பு என்றும், முதற்கட்டச் சான்று வந்தபின் கவனக்குறைவு இல்லை என்று காட்டும் பொறுப்பு மருத்துவமனையுடையது என்றும் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

நடந்ததைத் தேதி வரிசையில், ஒவ்வொரு கூற்றுக்கும் கேஸ் ஷீட்டின் பக்க எண்ணைக் காட்டி எழுதுங்கள். மலையாளத்தில் உள்ள தாள்களுக்கு மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். மருத்துவரைப் பற்றிய வசைச்சொல் ஒன்றுகூட வேண்டாம். ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் அவர் பெயரையும் படத்தையும் பரப்புவதும் வேண்டாம், அது உங்கள்மேலேயே அவதூறு வழக்காகத் திரும்பும். இழப்பீட்டைத் தலைப்பு வாரியாகக் கணக்கிடுங்கள்: செலுத்திய பில், இரண்டாவது சிகிச்சைக்கான செலவு, இனி ஆகப்போகும் மருத்துவச் செலவு, இழந்த வருமானம், வேதனை. ரப்பர் பால் வெட்டும் தொழிலாளிக்கும் மீன்பிடித் தொழிலாளிக்கும் சம்பளச் சீட்டு இருக்காது. வங்கிக் கணக்கு, நலவாரிய அட்டை, உடன் வேலை செய்பவரின் உறுதிமொழி ஆவணம் ஆகியவற்றால் வருமானத்தைக் காட்டலாம். தேசிய அளவில் குணால் சாகா வழக்கில் 2013இல் சுமார் 6 கோடி ரூபாய் வழங்கப்பட்டது உண்மைதான் என்றாலும், அதை மனத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தொகை எழுதினால் மனுவின் நம்பகத்தன்மை குறையும்.

மனுவை நேரிலோ நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்திலோ தாக்கல் செய்யலாம். எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதற்கு மேல் 15 நாள் மட்டுமே நீட்டிக்க முடியும் என்பதை 2020இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. அதன்பின் இரு தரப்பும் பிரமாண வாக்குமூலத்தில் சான்று தருவார்கள். காணொளி வழி விசாரணைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. மரணமோ கொடுங்காயமோ விளைந்த மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளைச் சமரச மையத்துக்கு அனுப்பக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. சட்டம் 3 மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்கச் சொன்னாலும், நடைமுறையில் ஆண்டுகள் ஆகும் என்று எண்ணிக்கொண்டே தொடங்குங்கள்.

கவுன்சிலும் காவல் நிலையமும்

மருத்துவரின் பதிவு கேரளத்தில் இருந்தால் அம்மாநில மருத்துவக் கவுன்சிலிலும், தமிழ்நாட்டில் இருந்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் புகார் தரலாம். அவர்கள் எச்சரிக்கலாம், பெயரைப் பதிவேட்டிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கு நீக்கலாம், ஆனால் உங்களுக்குப் பணம் வாங்கித் தர முடியாது. குற்றவியல் புகாரைப் பொறுத்தவரை நான் நிதானத்தையே சொல்வேன். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதை என்ற குற்றவியல் சட்டத்தின் 106ஆம் பிரிவில், சிகிச்சையின்போது கவனக்குறைவால் மரணம் விளைவித்த பதிவுபெற்ற மருத்துவருக்கு 2 ஆண்டு வரை சிறை விதிக்க இடமுண்டு. ஆனால் அதற்கு மிகப் பெரிய அளவிலான கவனக்குறைவு வேண்டும் என்றும், வழக்குத் தொடர்வதற்கு முன் சார்பற்ற மருத்துவரின், இயன்றால் அரசு மருத்துவரின், கருத்தைப் பெற வேண்டும் என்றும் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு சொல்கிறது. மருத்துவர் போதையில் வந்து அறுவை செய்தார், தகுதியில்லாதவர் செய்தார் என்பது போன்றவற்றுக்குத்தான் அது உரிய வழி. அப்படியொரு நிலை இருந்தால் களியக்காவிளைக் காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். எல்லையைக் காரணம் காட்டி மறுக்காமல் பதிவுசெய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது இப்போது சட்டம்.

தீர்ப்புக்குப் பின்

மாவட்ட ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். மருத்துவமனை மேல்முறையீடு செய்தால் தீர்ப்புத் தொகையில் பாதியை முதலில் கட்டியாக வேண்டும். தென்மாவட்ட வழக்குகளுக்கு மதுரையில் மாநில ஆணையத்தின் அமர்வு இருக்கிறது. தீர்ப்பு உங்களுக்கு எதிராக வந்தாலும் உத்தரவின் நகல் கிடைத்த நாளைக் குறித்துவைத்துக்கொண்டு, நிபுணர் குழுவின் கருத்தில் எந்தக் கேள்விக்குப் பதில் எழுதப்படாமல் விடப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். மேல்முறையீட்டுக்கு உரிய வலுவான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

உத்தரவு நிலைத்த பின்னும் மருத்துவமனை பணம் கட்டாவிட்டால், உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணை போலவே அதைச் செயல்படுத்த 71ஆம் பிரிவில் மனுச் செய்யலாம். 72ஆம் பிரிவின்படி உத்தரவை மீறுவோருக்கு 1 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் 1 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க ஆணையத்துக்கே அதிகாரம் உண்டு. இந்த மனுக்களையும் நாகர்கோவிலிலேயே தாக்கல் செய்யலாம். தீர்ப்பின் சான்றிட்ட நகலையும், தொகை கேட்டு மருத்துவமனைக்கு நீங்கள் அனுப்பிய கடிதத்தின் ஒப்புகையையும் அவற்றோடு இணைக்க வேண்டும்.